கோடும் உருவமும்

அரபு மொழியில் ‘கத்து’ என்று ஒரு சொல் உண்டு. கோடு என்பதும் அதன் பொருள். கையெழுத்து என்பதும் அதன் பொருள். ஓதப் போன சிறுவன் பலகையில் இழுக்கும் முதல் அலிபு கோடாகவும் இருக்கிறது, எழுத்தாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அம்மொழி விரும்பவில்லை. இச்சொல்லுக்குச் சற்றுத் தள்ளி ‘ஸூரத்’ என்று இன்னொரு சொல் நிற்கிறது. அது உருவம். ‘தஸ்வீர்’ என்பது உருவம் அமைத்தல். கோட்டைக் கண்டால், ‘இஃது எங்கே போகிறது?’ என்று கேட்கத் தோன்றும். உருவத்தைக் கண்டால், ‘இவர் யார்?’ என்றே கேட்கத் தோன்றும்.

சிறுவர்கள் கையில் ஏந்தி ஆடும் வீடியோ விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அரபு நிகண்டைப் புரட்டுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. வரைதலையே ஆட்டமாக்கிய இரண்டு விளையாட்டுகள் ஒரே சிறு கருவியில் இரண்டாண்டு இடைவெளியில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கோட்டைப் பற்றியது. மற்றொன்று உருவத்தைப் பற்றியது. உருவத்தைப் பற்றியதே இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறது. 2007ஆம் ஆண்டில் அதை ஆடிய குழந்தைகள் இன்று குடும்பத் தலைவர்களாகவும் தாய்மார்களாகவும் ஆகிவிட்டனர். அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவர்கள் முகம் மலர்கிறது. பழமையின் மீது கொள்ளும் அன்பு நல்லதுதான். ஆயினும் அன்பு ஒருபுறமும் மதிப்பீடு ஒருபுறமும் இருக்கவேண்டும். அந்த விளையாட்டை மீண்டும் எடுத்து, முதலிலிருந்து முடிவு வரை நிதானமாகப் பார்த்த பின்னர் எழுதுகிறோம்.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 2004ஆம் ஆண்டின் இறுதியில் ‘டிஎஸ்’ என்னும் கைக்கருவியை வெளியிட்டது. புத்தகம் போல் திறக்கும் அதன் உள்ளே மேலும் கீழுமாக இரு திரைகள். கீழ்த்திரை தொடுதிரை. ‘ஸ்டைலஸ்’ என்ற மெல்லிய கோலொன்றும் கருவியுடனேயே வரும். அத்திரை குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 192 புள்ளிகளும் கொண்டது. கோலை அழுத்தினால் தடிப்பு, தளர்த்தினால் மெலிவு என்ற நயமெல்லாம் அதற்குத் தெரியாது. தொட்ட இடத்தை மட்டுமே அறியும். கலத்தின் முனையைச் சீவிச் சாய்த்து எழுதிப் பழகியவர்களுக்கு அது வறண்ட கருவியாகவே தோன்றும். எனினும், எழுத்தைப் புள்ளியால் அளக்கும் முறை நமக்குப் புதிதன்று. இப்னு முக்லாவின் பெயரால் வழங்கிவரும் முறையில் அலிபின் உயரம் இத்தனை நுக்தா என்று கலத்தின் முனைப்புள்ளியைக் கொண்டே கணக்கிடுவார்கள். புள்ளிகளை அடுக்கி உருவம் காணும் அந்தச் சிறு திரையைப் பார்க்கையில் அது நம் நினைவுக்கு வந்தது. அக்கருவி உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. அத்தனை குழந்தைகளின் கையிலும் ஒரு கோல் இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் இவ்விளையாட்டின் பிறப்பு விளங்கும்.

அமெரிக்க நாட்டு ‘ஃபிஃப்த் செல்’ குழுவினர் உருவாக்கி, ‘டிஎச்க்யூ’ நிறுவனம் 2007இல் வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் ‘டிரான் டு லைஃப்’. வரைந்து உயிர்ப்பித்தல் என்பது அதன் கருத்து. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மத்ரஸாவில் படித்த எவருக்கும் செவி நிமிரும். அதைப் பின்னர்ப் பார்ப்போம். முதலில் கதை.

ரபோசா என்னும் சிற்றுயிர்கள் வாழும் ஊர் ஒன்று. நிமிர்ந்த செவியும் அடர்ந்த வாலும் கொண்ட இவர்களுக்கு இட்ட பெயர் போர்த்துக்கீசியச் சொல். நரி என்று பொருள். அலமாரியையும் சாவியையும் நமக்குத் தந்த மொழி இங்கே ஓர் ஊரையே தந்திருக்கிறது. ‘படைப்பவர்’ ஒருவர் ஓர் ஏட்டில் வரைந்ததாலேயே அவ்வூரும் அதிலுள்ள யாவும் உண்டாயின என்று அவ்வூரார் நம்புகின்றனர். அவர்களில் ஒருவனாகிய வில்ஃப்ரே என்பவனுக்குத் தானும் படைக்கவேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஏட்டின் பக்கங்களைக் கிழித்தெடுக்கிறான். கிழிந்த பக்கத்தில் இருந்தவை உலகிலிருந்தும் மறைகின்றன. எங்கும் கருநிழல் பரவுகிறது. ஊரார் வெளியேறுகின்றனர். ஊர்த்தலைவரும், அவர் மகள் மாரியும், அவளுடைய தோழன் ஜோவியும் எஞ்சி நிற்கின்றனர். மாரி படைப்பவரை நோக்கி முறையிடுகிறாள். திரைக்கு இப்புறம் கோலைப் பிடித்திருக்கும் குழந்தையே அந்தப் படைப்பவர் என்று விளையாட்டு அறிவித்துவிடுகிறது.

குழந்தை முதலில் ஒரு வீரனை வரையவேண்டும். தலை, உடல், கை, கால் என்று தனித்தனியே அச்சுக்கோடு இட்டிருக்கும். அதனுள் வண்ணம் நிரப்பவேண்டும். வரைந்து முடித்ததும் அவ்வுருவம் எழுந்து நடக்கும், ஓடும், தாவும். இந்த ஒரு கணத்துக்காகவே இவ்விளையாட்டைப் போற்றலாம். தாளில் எத்தனையோ பொம்மைகள் வரைந்து, அவை அசையாமல் கிடப்பதைக் கண்டு சலித்த குழந்தைக்கு, தன் கோணல் கோடு இரண்டு காலில் நிற்பதைக் காணும் வியப்புக்கு ஈடு இல்லை. நம் மகன் ஒன்பது வயதில் வரைந்த வீரனுக்கு ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு, முகத்தின் பாதிக்குப் பெரிய மீசை. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கிவந்த அந்த கார்ட்ரிட்ஜ் இன்னும் நம்மிடம் இருக்கிறது. மகன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். மீசைக்காரன் மட்டும் அதே பச்சைக் காலோடு நிற்கிறான்.

வீரன் பனிவெளி, காடு, கடற்கரை, நகரம் என்று செல்கிறான். மேடைக்கு மேடை தாவி, பகைவரை மிதித்து, கிழிந்த ஏட்டின் துண்டுகளைச் சேர்த்து, அங்கங்கே அகப்பட்டுக்கிடக்கும் ஊராரை மீட்டுவருகிறான். மீட்டவர்கள் ஊரில் குடியேறுவர். ஒட்டிய பக்கத்தில் மறைந்துபோன பொருளைக் குழந்தை மீண்டும் வரைந்து கொடுக்கவேண்டும். வழியிடையே கால் வைக்கும் மேடை, ஏறிச் செல்லும் ஊர்தி, எறிகருவி ஆகியவற்றையும் குழந்தையே வரையவேண்டும். தாவும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இதனினும் நுட்பமான தாவும் ஆட்டங்கள் அந்நாளில் எத்தனையோ இருந்தன. ஓரிடத்தில் கற்ற வித்தை அடுத்த இடத்துக்கும் போதும். ஊருக்குள் நடக்கும் உரையாடலோ சில வேளைகளில் திருமண வீட்டில் பேச்சுக் கச்சேரி நீள்வது போல் நீள்கிறது.

நம் விமர்சனத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. குழந்தை மேடையை நூலிழை போல் மெலிதாக வரைந்தாலும், அச்சு முழுவதையும் நிரப்பி உரல் போல் வரைந்தாலும், அதனால் ஆட்டத்தின் போக்கு மாறுவதில்லை. எறிகருவியைப் பூச்செண்டாக வரைந்தாலும் அது எறிவதையே எறியும். சிறகு இரண்டு வரைந்து வைத்தாலும், பறக்கும் ஆற்றல் விளையாட்டு கொடுத்தால்தான் உண்டு, வரைந்ததால் இல்லை. எதை எங்கே வைக்கவேண்டும், எவ்வளவு பெரிதாக வைக்கவேண்டும், அஃது என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் ஆட்டத்தை அமைத்தோர் முன்னரே முடிவு செய்துவிட்டனர். குழந்தைக்கு எஞ்சியது மேற்பூச்சு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இறைவனின் திருநாமங்களை விளக்கிய ‘அல்மக்ஸதுல் அஸ்னா’ என்னும் நூலில், அல்காலிக், அல்பாரி, அல்முஸவ்விர் ஆகிய மூன்றும் ஒரே பொருள் தருவன என்று கருதுவோரை மறுத்து ஓர் உவமை கூறுவார்கள். கட்டடம் ஒன்று எழவேண்டுமானால் முதலில் அளவுகளை வகுப்பவர் ஒருவர் வேண்டும். பின்னர் அதைக் கட்டியெழுப்புபவர் வேண்டும். அதன் பின் அதன் முகப்பைச் செதுக்கி அழகுபடுத்துபவர் வேண்டும். உலக வழக்கில் இம்மூவரும் வெவ்வேறு ஆட்கள். இறைவனோ அளவை வகுப்பதும், இல்லாததை உண்டாக்குவதும், உருவமைப்பதும் ஆகிய மூன்றுக்கும் தானே உரியவன். ஆகவேதான் மூன்று நாமங்கள் என்பது இமாம் அவர்களின் விளக்கம்.

இந்த உவமையைக் கையில் வைத்துக்கொண்டு ‘டிரான் டு லைஃப்’ விளையாட்டைப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. குழந்தைக்குச் சூட்டப்பட்ட பட்டம் படைப்பவர். கொடுக்கப்பட்ட வேலையோ மூன்றாமவருடையது. முகப்பு அழகுபடுத்தும் நகாசு வேலை. அளவை வகுத்தவர்களும் கட்டியவர்களும் அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள். பட்டம் பெரிது, பணி சிறிது. மார்க்க நோக்கில் இப்பட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இலக்கிய நோக்கில் நாம் காணும் குறை இதற்கு நேர்மாறானது. படைப்பவர் என்று அழைத்தது மிகை என்பதோடு நில்லாமல், அழைத்துவிட்டு வரைபவருக்கு உரிய பங்கைக்கூடக் குறைத்துக் கொடுத்தது என்பதே அக்குறை.

இங்கே 2005ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஜப்பானின் ‘ஹால் லேபரட்டரி’ அதே கருவிக்குச் செய்த ‘கிர்பி: கேன்வஸ் கர்ஸ்’ என்பது நாம் தொடக்கத்தில் சொன்ன கோட்டு விளையாட்டு. கிர்பி என்னும் இளஞ்சிவப்புக் குண்டுப் பாத்திரம் 1992 முதல் குழந்தைகள் அறிந்தது. டிராசியா என்னும் ஓவியச் சூனியக்காரி அதன் கைகால்களைப் போக்கி வெறும் பந்தாக்கிவிடுகிறாள். பந்துக்கு நடக்க வழியில்லை. ஆடுபவர் கோலால் வானவில் நிறத்தில் ஒரு கோடு கிழித்தால், பந்து அதன் மேல் ஏறி, கோடு கிழித்த திசையிலேயே உருண்டு செல்லும். பள்ளத்தின் மேல் கிழித்தால் பாலம். செங்குத்தாகக் கிழித்தால் சுவர். பகைவர் எய்யும் கதிரின் குறுக்கே கிழித்தால் கேடயம். வளைத்துச் சுழித்தால் பந்தும் சுழலும். மை அளவாகவே தரப்படும். கிழித்த கோடு சற்று நேரத்தில் தானே மறைந்துவிடும்.

இவ்விளையாட்டில் படைப்பவர் என்ற பட்டம் இல்லை. அரும்பெரும் கதையும் இல்லை. ஆனால் கோடு எங்கே தொடங்கவேண்டும், எந்தச் சரிவில் போகவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று அளவு வகுக்கும் வேலை ஆடுபவரைச் சேர்ந்தது. கோணல் கோடு கிழித்தால் பந்து பள்ளத்தில் விழும். கோணலுக்கு உடனே கூலி கிடைக்கிறது. எழுதப் பழகும் கை இப்படித்தான் பழகுகிறது. அலிபு சாய்ந்தால் அடுத்து வரும் லாமும் சாய்ந்து, வரி முழுவதும் தள்ளாடும். எழுதுவோன் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவான். வரைதல் ஒரு செயல் என்ற வகையில் கிர்பியின் விளையாட்டே மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ‘டிரான் டு லைஃப்’ குழுவினருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். 2009இல் அவர்கள் வெளியிட்ட ‘தி நெக்ஸ்ட் சாப்டர்’ என்னும் தொடர்ச்சியில், ஆட்டத்தின் நடுவிலேயே குறிப்பிட்ட இடங்களில் கோடு கிழித்துக் கால் வைக்க இடம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள்.

அப்படியானால் நுட்பத்தில் குறைந்த விளையாட்டை ஏன் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்? கிர்பியை மெச்சுகிறார்கள், ரபோசா ஊரையோ ஏங்கி நினைக்கிறார்கள். இதற்கு விடை காண, வரைந்தது மறைவதையும் நிலைப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வானவில் கோடு மறைந்துவிடுகிறது. யாரும் அதற்குப் பொறுப்பாளி அல்லர். ரபோசா ஊரில் வரைந்தது நிலைத்துவிடுகிறது. விளையாட்டாக வரைந்த மீசைக்காரனையே ஊரார் தங்கள் மீட்பராக ஏற்றுக்கொள்கின்றனர். அவனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. ‘பச்சைக் கால் ஏன்?’ என்று கேட்பதில்லை. குழந்தை எதைத் தந்ததோ, அதை முழு நம்பிக்கையோடு வாங்கிக்கொள்கின்றனர்.

கதையின் பிற்பகுதியில் வில்ஃப்ரேயின் கையால் ஊர்த்தலைவர் இறந்துபோகிறார். குழந்தைகளுக்கான விளையாட்டில் இதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஊர் துயரில் நிற்கிறது. தந்தையை இழந்த மாரி நிற்கிறாள். அந்தத் துயரின் நடுவே பச்சைக் காலும் சிவப்புக் காலுமாக அந்த மீசைக்காரனும் நிற்கிறான். நம் மகன் அன்று அக்காட்சியைப் பார்த்துவிட்டு, ‘இவனை ஒழுங்காக வரைந்திருக்கலாம்’ என்று சொன்னது நினைவிருக்கிறது. வரைந்த வேளையில் சிரிப்புக்காக வரைந்தது, துயர் வந்த வேளையிலும் அப்படியே நிற்கவேண்டியதாயிற்று. ஆட்டத்தின் பொறியமைப்பு குழந்தைக்குக் கொடுக்க மறுத்த பொறுப்பைக் கதை கொடுத்துவிட்டது. அமைத்தவர்கள் இதைத் திட்டமிட்டே செய்தார்களா என்பது நமக்கு முக்கியமன்று. பனுவல் செய்ததைச் சொல்வதே விமர்சனம்.

உருவம் அமைப்போரிடம், ‘நீங்கள் ஆக்கியவற்றுக்கு உயிர் கொடுங்கள்’ என்னும் கருத்தில் மறுமையில் கேட்கப்படும் என்று எச்சரிக்கும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். விளையாட்டின் பெயரே அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்தது போல் ஒலிப்பதால் சிலர் மனம் நெருடும். தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று, அதற்குரியோர் இருக்கிறார்கள். ஆயினும் அதே ஹதீஸ் நூல்களில் வேறொரு செய்தியும் உண்டு. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இடையே ஒரு குதிரை இருந்தது. துணித்துண்டால் அதற்கு இரண்டு சிறகுகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குதிரைக்குச் சிறகுகளா என்று வினவினார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று நாயகி அவர்கள் மறுமொழி கூற, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது.

அந்தச் சிறகுகள் குதிரையைப் பறக்கச் செய்யவில்லை. செய்யவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. சிறகுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது, அது போதும். ரபோசா ஊரில் குழந்தை வரையும் சிறகும் இவ்வகையானதே. பறக்காத சிறகு என்று மேலே நாம் குறை கூறினோம். குறை குறைதான். ஆனால் கதை தாங்கும் சிறகு என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும்.

வில்ஃப்ரேயின் நிலைமையை எண்ணினால் இன்னொரு சிக்கல் எழுகிறது. அவன் செய்த குற்றம் என்ன? வரைய விரும்பினான். படைக்கப்பட்டவன் படைக்க முனைந்தான். அதற்காக அவன் நிழலுக்குள் தள்ளப்பட்டுக் கதையின் பகைவன் ஆகிறான். குழந்தையும் படைக்கப்பட்டதே, அதுவும் வரையவே விரும்புகிறது. அதற்கோ பாராட்டுக் கிடைக்கிறது! ஒரே செயல் ஒருவனிடத்தில் பாவமாகவும் ஒருவரிடத்தில் பெருமையாகவும் இருப்பதை விளையாட்டு விளக்கவில்லை. அவன் ஏட்டைக் கிழித்தான் என்பது சரியான விடையே. ஆனால் அவனுக்கென்று ஒரு தாளை எவரேனும் கொடுத்திருந்தால் கிழித்திருப்பானா என்ற கேள்வி மிஞ்சுகிறது. நல்ல கதையாசிரியர் ஒருவர் இதை விட்டிருக்கமாட்டார். முதல் விளையாட்டு இதைத் தொடாமலே முடிகிறது.

தொடர்ச்சியோ இதற்கு விடை சொல்லாமல், கேள்வியையே தலைகீழாக்கியது. 2009ஆம் ஆண்டின் அந்தக் கைக்கருவி விளையாட்டின் இறுதியில் ரபோசா ஊர் மறைந்துபோகிறது. விபத்தொன்றில் அடிபட்டு, நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் மைக் என்னும் சிறுவனின் கனவே அவ்வூர் என்பது தெரிகிறது. குடும்பத்தோடு காரில் சென்றபோது நேர்ந்த விபத்து அது. தாய் தந்தையர் பிழைக்கவில்லை என்பதைப் படங்களே உணர்த்திவிடுகின்றன. முதல் விளையாட்டில் முகத்தில் பாதி நிழல் படிந்தவளாக ஊருக்குள் வந்து சேர்ந்த ஹெதர் என்னும் சிறுமி அவனுடைய சகோதரி. அந்த நிழலுக்கு அப்போதுதான் பொருள் விளங்குகிறது. ஏட்டைக் கிழித்ததும், நிழல் பரவியதும், தலைவர் இறந்ததும், தந்தையை இழந்த மகள் ஊரைத் தாங்கியதும் புதிய ஒளியில் தெரிகின்றன. தன் தந்தை இனி இல்லை என்பதை விழித்துக் கேட்கும் முன்னரே ஒரு சிறுவனின் மனம் அதைக் கதையாக்கி அழுது பார்த்திருக்கிறது என்று படிக்க இடமிருக்கிறது. அது நம் வாசிப்பே. ஆனால் இரண்டு விளையாட்டுகளையும் சேர்த்து வைத்தால் வேறு வாசிப்பு அவ்வளவு பொருந்திவரவில்லை.

கனவென்று சொல்லிக் கதையை முடிப்பது பழைய தந்திரம். பெரும்பாலும் சோம்பலின் அடையாளம் என்றே நாம் மாணவர்களிடம் சொல்லிவந்திருக்கிறோம். இங்கே அது சோம்பல் அன்று. விழிப்புக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். மைக் கண் விழிக்கவேண்டும் என்று விரும்பினால் ரபோசா ஊர் அழியவேண்டும். மாரியும் ஜோவியும் வாழவேண்டும் என்று விரும்பினால் சிறுவன் விழிக்கக்கூடாது. இரண்டு ஆட்டங்களாக அந்த ஊரை ஒவ்வொரு பொருளாக வரைந்து கட்டிய குழந்தையிடம், அதை விட்டுக்கொடு என்று கேட்கிறார்கள். எந்த விளையாட்டும் குழந்தையிடம் இவ்வளவு பெரிதாக ஒன்றைக் கேட்டதாக நாம் காணவில்லை.

இதைத்தான் மாற்றினார்கள். 2010ஆம் ஆண்டில் இரண்டு விளையாட்டுகளையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டபோது, கார் விபத்தை எடுத்துவிட்டு, சிறுவன் மரத்திலிருந்து விழுந்தான் என்று ஆக்கிவிட்டார்கள். பெற்றோர் இறக்கவில்லை. குழந்தைகள் மனம் நோகாதிருக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. வகுப்பறையில் முப்பதாண்டு நின்றவர்களுக்கு, தந்தையை இழந்த பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்பது தெரியும். தெரிந்ததனாலேயே அந்த மாற்றத்தை ஏற்க மனம் இடம் தரவில்லை. வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்போது, மரணம் என்ற சொல்லையே பாடத்திலிருந்து நீக்கிவிடும் ஆசிரியர் அப்பிள்ளைக்கு உதவுவதில்லை. அவனைத் தனியாக விட்டுவிடுகிறார். தொகுப்பின் முடிவு அதைத்தான் செய்கிறது. மரத்திலிருந்து விழுந்த சிறுவனின் கனவில் ஊர்த்தலைவர் ஏன் சாகவேண்டும்? ஹெதரின் முகத்தில் நிழல் ஏன் படியவேண்டும்? முதல் விளையாட்டில் இவை அப்படியே இருக்க, கடைசிப் படங்களை மட்டும் மாற்றியதால் காரணமில்லாத துயரங்கள் ஊருக்குள் அனாதையாக அலைகின்றன. ஏட்டின் பக்கத்தைக் கிழித்தவன் வில்ஃப்ரே என்று குழந்தைகளுக்குச் சொன்னவர்களே கடைசியில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்.

பழைய விளையாட்டைத் தேடி வாங்குவோர் இதைக் கவனிக்கவேண்டும். தொகுப்பாக வந்ததைவிட, 2007இன் முதல் பகுதியையும் 2009இன் கைக்கருவிப் பகுதியையும் தனித்தனியே தேடிப் பெறுவதே நன்று. சிறுவருக்குக் கொடுக்கும் பெற்றோர் கடைசிப் பகுதியில் அருகே உட்கார்ந்திருப்பது இன்னும் நன்று. 2012இன் இறுதியில் டிஎச்க்யூ நிறுவனம் நொடித்துப்போயிற்று. பெயரின் உரிமை கைமாறி, 2020இல் ‘டூ ரெல்ம்ஸ்’ என்று புதிய பகுதி ஒன்று வந்தது. ரபோசா ஊருக்கும் மனிதர் ஊருக்கும் இடையே மைக் போய்வருவதாகக் கதை. அழிந்த ஊரை மீண்டும் எழுப்பிவிட்ட அந்த இரக்கம் நமக்கு உவப்பாயில்லை; அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

ஃபிஃப்த் செல் குழுவினர் 2009ஆம் ஆண்டில் அதே கருவிக்குச் செய்த ‘ஸ்கிரிபில்நாட்ஸ்’ என்னும் இன்னொரு விளையாட்டைப் பற்றி ஒரு சொல். அதில் வரையவே வேண்டாம். ஏணி என்று எழுதினால் ஏணி வந்து நிற்கும். யானை என்று எழுதினால் யானை வரும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்ச்சொற்கள் அதற்குத் தெரியும். மரத்தில் அகப்பட்ட பூனையை இறக்க ஒரு குழந்தை ஏணி எழுதும், ஒன்று கயிறு எழுதும், இன்னொன்று பறவை எழுதும். எழுதிய பொருளுக்கு அதற்குரிய குணமும் இருக்கிறது. ஏணியில் ஏறலாம், நெருப்பு சுடும். உருவத்தை அவர்கள் அமைத்துவிட்டார்கள். எதை எப்போது அழைப்பது என்ற அளவைக் குழந்தையிடம் விட்டுவிட்டார்கள். ‘டிரான் டு லைஃப்’ விளையாட்டின் பங்கீட்டை அப்படியே திருப்பிப் போட்டது போல் இருக்கிறது. ஆதம் (அலை) அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டவை பெயர்களே என்பதை அறிந்த நம் குழந்தைகளுக்கு அவ்விளையாட்டு தனிச்சுவை தரும். ஆனால் அதில் எழுதிய யானை அந்தக் காட்சி முடிந்ததும் போய்விடுகிறது. அதன் காலுக்கு எவரும் பச்சை வண்ணம் பூசியதில்லை.